நடன அசைவு சிகிச்சையை இந்தியாவில் ஒரு தொழிலாக நிலைநிறுத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

உடல் அசைவு வழியாக மனநலத்துக்கு உதவுவது நடன அசைவு சிகிச்சை. வெளிநாட்டில் அதைப் படித்துவிட்டு ஊர் திரும்புகிறவர்களும் சரி, மும்பையிலோ கொல்கத்தாவிலோ பயிற்சி முடித்துச் சென்னை, மதுரை, கோவைக்கு வந்து சேருகிறவர்களும் சரி, முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: "இங்கே இதற்கு அங்கீகாரம் உண்டா?" நியாயமான கேள்விதான். ஆனால் அங்கிருந்து தொடங்குகிறவர்கள் முதலில் ஒரு அமைப்பைப் பதிவுசெய்கிறார்கள், அடுத்து வார இறுதிச் சான்றிதழ் வகுப்பு நடத்துகிறார்கள், சிகிச்சை தேவைப்படும் மனிதர்களைக் கடைசியில்தான் தேடுகிறார்கள். இந்தத் தொழில் வேர்பிடித்த நாடுகளில் வரிசை இதற்கு நேர் எதிராக இருந்தது.

அமெரிக்காவில் மரியன் சேஸ் என்ற நடனக் கலைஞர் வாஷிங்டனில் ஒரு நடனப் பள்ளி வைத்திருந்தார். மேடைக்குப் போகும் எண்ணமே இல்லாத மாணவர்கள் ஏன் திரும்பத் திரும்ப வகுப்புக்கு வருகிறார்கள் என்பதைக் கவனிக்கத் தொடங்கினார். அந்த ஊர் மனநல மருத்துவர்களும் அவரிடம் ஆட்களை அனுப்ப ஆரம்பித்தார்கள். 1942இல் செயின்ட் எலிசபெத்ஸ் என்ற பெரிய மனநல மருத்துவமனையில் வேலையைத் தொடங்கினார். அமெரிக்க நடன சிகிச்சைச் சங்கம் பிறந்தது 1966இல். நியூயார்க் ஹண்டர் கல்லூரியில் முதுகலைப் படிப்பு வந்தது 1971இல். வார்டுக்கும் சங்கத்துக்கும் நடுவே 24 வருடம். அந்த வருடங்களில்தான் மருத்துவர்களுக்கு இந்த வேலை பழகியது, அடுத்த தலைமுறை சேஸின் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டது.

நமக்கு 24 வருடம் தேவையில்லை. இந்தியா வெற்றுத்தரையும் இல்லை. விஸ்கான்சினில் பயின்று திரும்பிய திரிபுரா கஷ்யப் பல பத்தாண்டுகளாக இங்கே வேலை செய்தும் பயிற்சி கொடுத்தும் வருகிறார். சோஹினி சக்ரவர்த்தி 2004இல் தொடங்கிய கொல்கத்தா சன்வேத், கடத்தலிலிருந்தும் வன்முறையிலிருந்தும் மீண்ட பெண்களோடு வேலை செய்து, டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தோடு சேர்ந்து ஒரு பட்டயப் படிப்பையும் உருவாக்கியது. இந்திய நடன அசைவு சிகிச்சைச் சங்கம் என்ற அமைப்பும் இயங்குகிறது. அதனால் "இந்தியாவில் முதல்முறையாக" என்று உங்கள் அட்டையில் அச்சடிக்க வேண்டாம். இவர்கள் வேலையைத் தேடிப் படித்துவிட்டு, உங்கள் ஊரில், உங்கள் மொழியில் என்ன இல்லையோ அதிலிருந்து தொடங்குங்கள்.

முதல் படி: ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

மருத்துவமனைக் கதவைத் தட்டும் முன், நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதைத் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதி வையுங்கள். ஒரு ஸ்டாஃப் நர்ஸ் படித்ததும் புரிந்துகொள்ளும்படி இருக்க வேண்டும். லாபான் அசைவுப் பகுப்பாய்வு, கண்ணாடிபோல் பிரதிபலித்தல் போன்ற சொற்கள் அதில் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

சொல்ல வேண்டியது இவ்வளவுதான். வருகிறவரின் அசைவை, மூச்சை, நிற்கும் விதத்தை, அடுத்தவரோடு அவர் வைத்துக்கொள்ளும் தூரத்தை முதலில் பார்ப்போம். அவரோடும் அவரைப் பார்க்கும் மருத்துவரோடும் பேசி ஒரு நோக்கம் வைப்போம். தனியாகவோ குழுவாகவோ, குறித்த காலத்துக்கு, அசைவு வழியாக அந்த நோக்கத்தை நோக்கி வேலை செய்வோம். ஒவ்வொரு அமர்வையும் பதிவுசெய்வோம். முடிக்கும்போது என்ன மாறியது, என்ன மாறவில்லை என்று எழுதிக் கொடுப்போம்.

எது இல்லை என்பதையும் அதே பக்கத்தில் சேர்த்துவிடுங்கள். ஜும்பா உடற்பயிற்சி. நியூயார்க்கின் மார்க் மோரிஸ் நடனக் குழு 2001இல் பார்க்கின்சன் நோயாளிகளுக்குத் தொடங்கிய வகுப்புகள் அருமையானவை, ஆனால் அவை நடன வகுப்புகள்தான். தங்களைச் சிகிச்சை என்று சொல்லிக்கொள்ளவில்லை. அந்த நேர்மையை நாமும் பிடித்துக்கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டில் இதோடு பரதநாட்டியத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். இந்த முத்திரை பிடித்தால் அந்த நோய் போகும் என்ற பேச்சு இங்கே நிறையப் புழங்குகிறது. அதை நீங்கள் ஒருமுறை சொல்லிவிட்டால், அதன் பிறகு எந்த மனநல மருத்துவரும் உங்கள் பேச்சைக் காதில் வாங்க மாட்டார். இதில் கொஞ்சம்கூட விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பரதநாட்டியப் பயிற்சி உள்ளவருக்கு உடலைப் படிக்கும் கண் நன்றாகவே இருக்கும், தாளத்தைத் தாங்கும் காலும் இருக்கும். அவர் விட வேண்டியது திருத்தும் பழக்கத்தை. பத்துப் பதினைந்து வருடம் அரைமண்டியை, அதாவது முழங்கால் மடக்கி நிற்கும் பரதநாட்டிய நிலையை, திருத்திய கண், எதிரே ஒருவர் கையை அரைகுறையாகத் தூக்கும்போது தன்னையறியாமல் "இன்னும் கொஞ்சம்" என்று கேட்கும். அந்த அரைகுறை உயரம்தான் அன்று அவர் சொல்ல வந்த செய்தியாக இருக்கலாம்.

இரண்டாம் படி: சட்டம் உங்களை எங்கே வைத்திருக்கிறது என்று பாருங்கள்

இதை ஒரு மாலையில் முடித்துவிடலாம், ஆனால் தவிர்க்க முடியாது. 1992இன் இந்திய மறுவாழ்வுக் கழகச் சட்டம் பதிவுசெய்யும் வகைகளில் மருத்துவ உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர், சிறப்புக் கல்வி ஆசிரியர் போன்றோர் உண்டு. நடன சிகிச்சையாளர் இல்லை. 2017 மனநல பராமரிப்புச் சட்டம் 'மனநல நிபுணர்' என்று யாரைச் சொல்லலாம் என வரையறுக்கிறது. மனநல மருத்துவர், பதிவுபெற்ற மருத்துவ உளவியலாளர், மனநல செவிலியர், மனநல சமூகப் பணியாளர் ஆகியோர் அந்த வரையறைக்குள் வருகிறார்கள். நீங்கள் வருவதில்லை. எனவே விசிட்டிங் கார்டில் அந்தச் சொல்லைப் போடாதீர்கள். நோய்க்குப் பெயர் சூட்டாதீர்கள். மாத்திரையைக் குறை, நிறுத்து என்று ஜாடையாகக்கூடச் சொல்லாதீர்கள்.

பலருக்கும் தெரியாத நல்ல செய்தி ஒன்றும் இருக்கிறது. 2021இல் வந்த தேசிய துணைநிலை மற்றும் நலவாழ்வுத் தொழில்சார் ஆணையச் சட்டத்தின் அட்டவணையில், கலை, நடன அசைவு சிகிச்சையாளர்களையும் உள்ளடக்கி 'அசைவு சிகிச்சையாளர்' என்ற தொழில் இடம்பெற்றிருக்கிறது. இதற்கு அடித்தளம், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2008இல் திருத்திய தொழில் வகைப்பாடு. அதில் 2269 என்ற எண்ணின் கீழ் நடன அசைவு சிகிச்சையாளர் உண்டு. அரசு அலுவலகத்தில் "இப்படி ஒரு தொழிலே கிடையாதே" என்று யாராவது சொன்னால் எடுத்துக்காட்ட இந்த எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

அதே சட்டம் மணிக்கணக்கும் சொல்கிறது. துணைநிலைத் தொழில்சார் வல்லுநருக்கு இரண்டு முதல் நான்கு வருடங்களில் பரவிய குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு. நலவாழ்வுத் தொழில்சார் வல்லுநருக்கு மூன்று முதல் ஆறு வருடங்களில் குறைந்தது 3,600 மணி நேரம். வார இறுதிப் பயிற்சிகள் இதன் பக்கத்தில்கூட வராது. பயிற்சியைப் பற்றிப் பேசும்போது இந்த எண்களுக்கு மறுபடியும் வருவோம்.

மூன்றாம் படி: ஒரே ஒரு வார்டு

பத்து இடங்களில் ஒருநாள் பட்டறை நடத்துவதைவிட ஓரிடத்தில் வாரம் இரண்டு நாள், பன்னிரண்டு வாரம் வேலை செய்வது மேல். பட்டறைகள் போஸ்டரும் போட்டோவும் தரும். தொழில் உருவாவது, ஒரு மருத்துவர் தன் கேஸ் ஷீட்டில் உங்கள் குறிப்பைப் படித்துவிட்டு அடுத்த நோயாளியை அவராகவே உங்களிடம் அனுப்பும் நாளில்.

எங்கே போவது? மறுவாழ்வுப் பணி ஏற்கெனவே பழகிய இடங்களுக்கு. சென்னையில் 1794இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை, 1984இல் டாக்டர் சாரதா மேனன் நிறுவிய ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி அமைப்பு, 1993இல் வீடற்ற மனநோயாளிகளுக்காகத் தொடங்கிய பேன்யன் அமைப்பு என்று மனநலப் பணியில் நீண்ட மரபு இந்த ஊருக்கு உண்டு. மாவட்ட அளவில் அரசு மருத்துவக் கல்லூரிகளின் மனநலப் பிரிவுகள், சிறப்புப் பள்ளிகள், முதியோர் பகல் பராமரிப்பு மையங்கள் இருக்கின்றன.

முதலில் பார்க்க வேண்டியவர் இயக்குநர் அல்ல. மனநல சமூகப் பணியாளரையும் தொழில்வழி சிகிச்சையாளரையும் வார்டு சிஸ்டரையும் பாருங்கள். நோயாளிகளின் பகல் பொழுது அவர்கள் கையில் இருக்கிறது. நீங்கள் வருவதால் தங்கள் வேலை கூடுமா குறையுமா என்ற கவலை அவர்களுக்கு இருப்பது இயல்பு. தொழில்வழி சிகிச்சையாளருக்கு அதற்கு மேல் ஒரு கவலையும் இருக்கும்: தன் இடத்தைப் பிடிக்க வந்துவிட்டாரோ என்று. அவரையே முதல் அமர்வுகளில் உடன் நிற்கக் கேளுங்கள். நோக்கங்களை அவரோடு உட்கார்ந்து எழுதுங்கள். இந்த ஒரு காரியத்தைச் செய்தாலே பாதி எதிர்ப்பு வராது.

கேட்க வேண்டியவை: வழுக்காத தரையும் கதவும் உள்ள ஓர் அறை, மாறாத நேரம், கூடவே இருக்க ஒரு செவிலியர், கேஸ் ஷீட்டைப் படிக்கவும் அதில் எழுதவும் அனுமதி. கடைசியில் சொன்னது கிடைக்காவிட்டால் மற்றவை கிடைத்தும் பெரிய பயனில்லை. எழுத அனுமதி இல்லாதவர் அங்கே பொழுதுபோக்கு நிகழ்ச்சி நடத்துபவராகவே பார்க்கப்படுவார்.

நான்காம் படி: இந்த மண்ணில் அமர்வு நடத்துவது

வெளிநாட்டுப் பாடத்திட்டங்கள் சொல்லாதவை இங்கேதான் நிறைய இருக்கின்றன. அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

மருந்திலிருந்து தொடங்குவோம். மனச்சிதைவுக்குத் தரும் மருந்துகளால் உடல் விறைப்பு, கை நடுக்கம், ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பு, எழுந்தவுடன் தலைசுற்றல் எல்லாம் வரும். இதைத் தெரிந்துகொள்ளாமல் அசைவைப் படித்தால், மருந்து செய்ததை மனம் செய்ததாக எழுதிவிடுவீர்கள். யாருக்கு என்ன மருந்து, எப்போது மாற்றினார்கள் என்று ஒவ்வொரு அமர்வுக்கும் முன் சிஸ்டரிடம் கேளுங்கள். காலையில் ஈசிடி (மின்அதிர்வு சிகிச்சை) ஆனவரை அன்று குழுவில் சேர்க்க வேண்டாம். வலிப்பு உள்ளவர் யார் என்று தெரிந்திருக்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பின் எல்லோரும் தூக்கத்தில் இருப்பார்கள். காலை பத்தரையோ, மாலை டீக்கு முன்னாலோ சரியான நேரம். சித்திரை, வைகாசியில் மின்விசிறி ஓடாத அறையில் நடத்தவே கூடாது. தண்ணீர் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

அடுத்தது குடும்பம். மேற்கத்திய மருத்துவமனைகளில் நோயாளி தனியாக இருப்பார். இங்கே அம்மாவோ தம்பியோ மனைவியோ கூடவே தங்குவது சாதாரணம். வேலூர் சிஎம்சியின் பாகாயம் மனநல மையத்தில் குடும்பத்தாரைச் சேர்த்தே தங்கவைப்பது பல பத்தாண்டு வழக்கம். குழு நடக்கும்போது கதவோரம் நின்று "நல்லா ஆடுடா" என்று ஊக்கப்படுத்தும் அம்மாவை வெளியே அனுப்புவதா, உள்ளே அழைப்பதா? என் பார்வையில், முதல் சில அமர்வுகள் நோயாளிகளுக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டு, பிறகு மாதம் ஒருமுறை குடும்பத்தாரும் சேர்ந்த அமர்வு வைப்பது இங்கே பொருந்தும். வருடக்கணக்கில் ஒருவரைக் கவனித்துக்கொண்டவரின் தோள்களும் கழுத்தும் எப்படி இறுகியிருக்கின்றன என்று பார்த்தால், அவருக்கும் இந்த நேரம் எவ்வளவு தேவை என்று தெரியும்.

தொடுதலில் அவசரம் கூடாது. ஆணும் பெண்ணும் கைகோத்து வட்டமாக நிற்பது பல ஊர்களில் சங்கடம். ஒரு நீளத் துண்டையோ பழைய பருத்திச் சேலையையோ எல்லோரும் ஓரத்தில் பிடித்துக்கொண்டால் வட்டம் அமைந்துவிடும். ஒருவர் இழுத்தால் மற்றவர் கைக்கு அது தெரியும், யாரும் யாரையும் தொட வேண்டியதில்லை. கும்மி, கோலாட்டம் தெரிந்த பெண்கள் இருந்தால் அவர்களையே வழிநடத்தச் சொல்லுங்கள். எத்தனையோ நாள் பேசாமல் இருந்த ஒருவருக்குக் கோலாட்டக் குச்சியின் தட்டு, பேச்சில்லாமலே பதில் சொல்லும் வாய்ப்பைத் தருகிறது.

இசை விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். பறையை எடுத்தால் உடல் தானாக எழும், உண்மைதான். ஆனால் சாவு வீட்டில் அதைக் கேட்டுப் பழகிய காதுக்கு அது வேறொன்றாகக் கேட்கும். சாதி அதைக் கேவலப்படுத்திய வரலாறும், அதைத் தலைநிமிர்ந்து மீட்டெடுத்த வரலாறும் அந்த ஓசைக்குள் இருக்கின்றன. குழுவில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாமல் பயன்படுத்த வேண்டாம். உடுக்கை ஓசைக்குச் சிலருக்கு அருள் வந்துவிடும். சாமியாடுவது அவருடைய ஊரில், அவருடைய கோயிலில், சுற்றியிருப்பவர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்த சூழலில் நடக்கும் விஷயம். திருநீறு பூசி இறக்கிவிட அங்கே ஆள் இருக்கிறார். உங்கள் வார்டு அறையில் அதற்கான ஆள் இல்லை. அதை நோய் என்று தள்ளவும் வேண்டாம், நீங்கள் தூண்டவும் வேண்டாம். நேர்ந்துவிட்டால் இசையை நிறுத்துங்கள், தரையில் உட்காரவையுங்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், உள்ளங்காலைத் தரையில் அழுத்தச் சொல்லுங்கள், சிஸ்டரை அருகில் வரச் சொல்லுங்கள்.

சினிமாப் பாட்டை ஒதுக்க வேண்டாம். எல்லோருக்கும் தெரிந்த அசைவு அங்கேதான் இருக்கிறது. ஆனால் பாட்டு தொடங்கியதும் நடிகரைப்போல் ஆடிக்காட்டும் வேகம் வந்துவிடும், சொந்த அசைவு பின்னால் போய்விடும். வார்ம்-அப்புக்கு வைத்துக்கொண்டு, நடுப்பகுதிக்கு வெறும் தாளத்துக்கோ மௌனத்துக்கோ மாறுவது எனக்குச் சரியாகப் படுகிறது.

கடைசியாக, ஆண்டு விழா. நீங்கள் வேலை செய்யும் எந்த நிறுவனமும் ஒருநாள் இதைக் கேட்கும்: "டிசம்பரில் விழா, நம்ம ஆட்களை ஒரு டான்ஸ் ஆட வையுங்களேன்." கேட்பவர்கள் அன்போடுதான் கேட்கிறார்கள். ஆனால் சம்மதித்தால் அதன் பிறகு உங்கள் அமர்வு ஒத்திகையாகிவிடும். நன்றாக ஆடுகிறவர் முன்வரிசைக்கும், கையைத் தூக்க முடியாதவர் பின்வரிசைக்கும் போவார்கள். முதல்நாள் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்: அமர்வில் வருவது மேடைக்குப் போகாது, படம் எடுக்கப்படாது. விழாவுக்கு நடனம் வேண்டுமென்றால் அதற்கு வேறொரு நடன ஆசிரியரை நீங்களே பரிந்துரைக்கலாம்.

ஐந்தாம் படி: பதிவும் ஆதாரமும்

ஒவ்வொரு அமர்வுக்குப் பிறகும் அதே நாளில் எழுதுங்கள். யார் வந்தார்கள், என்ன செய்தோம், உடலில் என்ன பார்த்தோம், அதை எப்படிப் புரிந்துகொள்கிறோம், அடுத்து என்ன என்ற வரிசையில். பார்த்ததும் புரிந்துகொண்டதும் தனித்தனி வரிகளில் இருக்கட்டும். "சோகமாக இருந்தார்" என்று எழுதுவதைவிட "தலை குனிந்தே இருந்தது, மூச்சு மேல்நெஞ்சில் நின்றது, வட்டத்துக்கு இரண்டடி வெளியே நின்றார்" என்று எழுதினால் மருத்துவருக்கு அதில் வேலை இருக்கிறது. தொடக்கத்திலும் முடிவிலும் ஓர் அளவுகோல் வையுங்கள். ஐந்தே கேள்விகள் கொண்ட உலக சுகாதார நிறுவன நலக் குறியீடு எளிது. மனச்சோர்வு உள்ளவர்களுக்கு ஒன்பது கேள்விப் பட்டியலை மருத்துவமனையே வைத்திருக்கும். அதையே பயன்படுத்தினால் உங்கள் எண்ணும் அவர்கள் எண்ணும் ஒரே தாளில் வரும்.

ஆய்வுகளைப் பற்றி மருத்துவர் கேட்பார். இருப்பதை இருக்கிறபடி சொல்லுங்கள். மனச்சோர்வுக்கு நடன அசைவு சிகிச்சை பற்றி 2015இல் வந்த, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பில் தகுதி பெற்றவை மூன்றே ஆய்வுகள், மொத்தம் 147 பேர். உறுதியாக எதுவும் சொல்ல அது போதவில்லை. மறதி நோய்க்கான 2017 தொகுப்பில் தகுதி பெற்ற ஆய்வு ஒன்றுகூட இல்லை. இன்னொரு பக்கம் ஜெர்மனியின் சபீனே கோஹ் குழு 2019இல் 41 ஆய்வுகளை, 2,374 பேரின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்து நடுத்தர அளவிலான பலன் இருப்பதாகச் சொன்னது. அதில் சிகிச்சையோடு நடனத் திட்டங்களும் கலந்திருந்தன. மனச்சிதைவில் உணர்வு மங்குதல், ஒதுங்குதல் போன்ற அறிகுறிகளுக்கு உடல்வழி உளசிகிச்சை கொடுத்துப் பார்த்த 2016 பிரிட்டிஷ் ஆய்வு 275 பேரோடு நடந்தது. பிலாட்டிஸ் என்ற உடற்பயிற்சியைவிடக் கூடுதலாகக் குறிப்பிடத்தக்க பலன் அதில் கிடைக்கவில்லை. அதே நாட்டில் சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டியோ, மனச்சிதைவுக்குக் கலைவழிச் சிகிச்சைகளை வழங்குவதைப் பரிசீலிக்கலாம் என்கிறது.

சாதகமில்லாத முடிவுகளை நீங்களே முதலில் சொல்லுங்கள். மருத்துவர் பின்னால் தேடிக் கண்டுபிடித்தால் நம்பிக்கை போய்விடும். நீங்களே சொன்னால், "அப்படியானால் நம் வார்டில் பார்ப்போமே" என்று பேச்சு திரும்பும். அப்படித் திரும்பி ஆய்வாகச் செய்ய முடிவெடுத்தால், நிறுவனத்தின் நெறிமுறைக் குழு அனுமதியும், சிகிச்சை ஆய்வு என்றால் 2007 முதல் இயங்கும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவும், முதல் ஆள் சேரும் முன்பே முடிந்திருக்க வேண்டும்.

ஆறாம் படி: மேற்பார்வை

இதைத் தள்ளிப்போடாதீர்கள். தனி ஆளாக வார்டில் வேலை செய்கிறவர், நோயாளியின் பயத்தைத் தன் உடலில் சுமந்து வீட்டுக்கு வருவார், அது எங்கிருந்து வந்தது என்று தெரியாது. அமெரிக்காவில் பதிவுபெற்ற சிகிச்சையாளராக முதுகலைப் படிப்போடு 700 மணி நேர உள்ளகப் பயிற்சியும் வேண்டும், அதுவும் மேற்பார்வையில். அங்கே அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். இங்கே ஓர் ஊருக்கு ஒருவர்கூட இல்லாமல் போகலாம்.

நடைமுறையில் இரண்டு கால்கள் வேண்டும். ஒன்று, தொலைவிலிருந்து ஒரு மூத்த நடன அசைவு சிகிச்சையாளர், மாதம் இரண்டு முறை வீடியோ அழைப்பில். மற்றொன்று, உள்ளூரில் ஒரு மனநல மருத்துவரோ மருத்துவ உளவியலாளரோ. அசைவு பற்றி அவருக்குத் தெரியாவிட்டாலும் நோய் பற்றியும் ஆபத்து பற்றியும் தெரியும். தற்கொலை எண்ணம் பற்றி யாராவது அமர்வில் சொன்னால் அன்றே யாரை அழைக்க வேண்டும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். மேற்பார்வைக்காக வீடியோ எடுத்தால் எழுத்துப்பூர்வ சம்மதத்தோடு எடுங்கள், பார்த்து முடித்ததும் அழியுங்கள், எக்காரணம் கொண்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள்.

ஏழாம் படி: சம்பளம்

முதல் பன்னிரண்டு வாரத்தை இலவசமாகச் செய்யலாம். அதற்கு மேல் கூடாது. இலவசம் நீண்டால் உங்களுக்குப் பின்னால் வருகிறவருக்கும் அந்த நிறுவனம் பணம் கொடுக்காது. முடிவு அறிக்கையோடு அடுத்த கட்டத்துக்கான தொகையையும் சேர்த்தே கொடுங்கள். எழுதும் நேரம், குழுக்கூட்ட நேரம், மேற்பார்வைக் கட்டணம் எல்லாம் அதில் அடங்கட்டும். 'கலை நிகழ்ச்சி' என்ற தலைப்பில் பணம் ஒதுக்கினால் மறுத்து, 'மறுவாழ்வுச் சேவை' என்ற தலைப்பில் கேளுங்கள். அடுத்த வருடத் தணிக்கையில் எந்தத் தலைப்பில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் உங்கள் வேலை நீடிக்கும்.

எட்டாம் படி: அடுத்தவரைப் பயிற்றுவிப்பது

உங்கள் வேலைக்கு ஓர் இடத்திலாவது வேர் பிடித்த பிறகே இதைத் தொடங்குங்கள். வார்டு இல்லாமல் நடத்தும் படிப்பில் மாணவர்கள் ஒருவரையொருவர் நோயாளியாகப் பாவித்துக் கற்பார்கள். உண்மையான அறைக்குள் போகும்போது தடுமாறுவார்கள்.

படிப்பை எங்கே வைப்பது? நடனத் துறை எளிதில் வரவேற்கும். ஆனாலும் உளவியல் அல்லது சமூகப் பணித் துறையில் வைப்பதையே நான் விரும்புவேன். நோய், மருந்து, குழந்தை வளர்ச்சி, சட்டம் ஆகியவற்றுக்கு அங்கே ஏற்கெனவே ஆசிரியர்கள் உண்டு, மருத்துவமனைகளோடு களப்பணி ஒப்பந்தமும் உண்டு. நடனத்தையும் அசைவுப் பகுப்பாய்வையும் வெளியிலிருந்து கொண்டுவரலாம். படிப்பைத் திட்டமிடும்போதே 2,000 மணி நேரக் கணக்கை மனதில் வையுங்கள். அதற்கு ஈடாகாத படிப்பு முடித்த மாணவர் நாளைக்குப் பதிவுக்காக நிற்கும்போது வெறுங்கையோடு நிற்பார்.

இங்கே ஒரு உண்மையான சிக்கல் இருக்கிறது. முதுகலைப் பட்டம்தான் வாசல் என்று வைத்தால், கொல்கத்தா சன்வேத் செய்ததை நாம் செய்ய முடியாது. வன்முறையிலிருந்து மீண்ட பெண்களே பயிற்சி பெற்று மற்றவர்களோடு வேலை செய்யும் வழியை அவர்கள் திறந்தார்கள். அந்த அனுபவத்துக்குப் பட்டம் ஈடாகாது. ஆனால் தீவிர மனநோய் உள்ளவரோடு தனியாக வேலை செய்ய அந்த அனுபவம் மட்டும் போதாது. எனக்குத் தெரிந்த தீர்வு இரண்டு நிலைகள்: சமூக அளவில் குழுக்களை நடத்தும் அசைவு வழிநடத்துநர், மருத்துவ அளவில் சிகிச்சையாளர். முதல் நிலையில் உள்ளவர் வேலை செய்துகொண்டே இரண்டாம் நிலைக்கு ஏற ஒரு படிப்பாதை இருக்க வேண்டும். சட்டமே 2,000, 3,600 என்று இரண்டு நிலை வைத்திருப்பதால் இதை வாதாடவும் முடியும்.

ஒன்பதாம் படி: அமைப்பும் நெறிமுறையும்

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவுசெய்யலாம். அதனாலேயே அவசரம் வேண்டாம். தேசிய அளவில் சங்கம் இருக்கும்போது, அதில் உறுப்பினராகி மாநிலத்தில் ஒரு படிப்பு வட்டமாகக் கூடுவது முதலில் போதும். சிறிய தொழிலில் இரண்டு மூன்று போட்டிச் சங்கங்கள் முளைத்தால் அரசு யாரிடமும் பேசாது.

நெறிமுறையை மட்டும் முதல் நாளே எழுதுங்கள். உங்களிடம் நடனம் கற்கும் மாணவரைச் சிகிச்சைக்கு ஏற்கக் கூடாது. தொடுதலுக்கு ஒவ்வொரு முறையும் சம்மதம் வேண்டும், மறுக்கும் உரிமையைச் செய்து காட்டிப் பழக்க வேண்டும். குழந்தைகளோடு வேலை செய்கிறவர்கள் 2012 போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவைப் படித்தே ஆக வேண்டும். பாலியல் கொடுமை பற்றித் தெரியவந்த எவரும் காவல்துறையிடமோ சிறப்புச் சிறார் காவல் பிரிவிடமோ சொல்லியாக வேண்டும். சொல்லாமல் இருப்பது தண்டனைக்குரியது. குழந்தைகளுக்கும் பெற்றோருக்கும் ரகசியம் காப்போம் என்று உறுதி கொடுக்கும்போது இந்த விதிவிலக்கையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உடல் பேசத் தொடங்கினால் இப்படிப்பட்ட செய்திகள் வரும். வரும்போது என்ன செய்வது என்று யோசிப்பது மிகத் தாமதம்.

பத்தாம் படி: அரசிடம் போவது

இங்கிலாந்தின் கதை இந்த இடத்தில் நமக்குப் பாடம். அங்கே நடன அசைவு சிகிச்சைச் சங்கம் 1982இல் உருவானது. 1997இல் ஓவியம், இசை, நாடகம் ஆகிய மூன்று சிகிச்சைகளும் அரசுப் பதிவு பெற்றன. நடனம் அதில் சேரவில்லை, இன்றுவரை அந்தப் பதிவேட்டில் இல்லை. அவர்கள் சோர்ந்துவிடாமல் உளசிகிச்சையாளர்களுக்கான தேசியக் கவுன்சிலில் உறுப்பு அமைப்பாகி, அந்த வழியில் தங்கள் தரத்தை நிறுவினார்கள். ஆஸ்திரேலியாவில் 1994இல் தொடங்கிய சங்கம், தன் உறுப்பினர்களுக்குத் தானே தரம் வகுத்து நடக்கிறது. அரசுப் பதிவு வராத காலத்திலும் தொழில் நடக்க முடியும் என்பதற்கு இரண்டும் சாட்சி.

நம் நாட்டில் பெயர் அட்டவணையில் வந்துவிட்டது. அந்தப் பெயருக்குக் கீழே யாரைச் சேர்ப்பது, என்ன படித்தவரைச் சேர்ப்பது என்பதற்குப் பதில் தயாராக இருக்க வேண்டும். தேசிய ஆணையமோ மாநிலக் கவுன்சிலோ கருத்துக் கேட்கும்போது, தனித்தனியாகக் கடிதம் எழுதாமல் ஓவிய, இசை, நாடக சிகிச்சையாளர்களோடு சேர்ந்து ஒரே கோப்பாகக் கொடுங்கள். கோப்பில் இருக்க வேண்டியவை: மணிக்கணக்கோடு கூடிய பாடத்திட்டம், களப்பணி நடந்த நிறுவனங்களின் கடிதங்கள், மேற்பார்வை விதிகள், நெறிமுறைத் தொகுப்பு, புகார் வந்தால் விசாரிக்கும் முறை, ஏற்கெனவே வேலை செய்துவருபவர்களைச் சேர்த்துக்கொள்ளும் இடைக்கால வழி. கடைசியில் சொன்னதை மறந்தால் முதல் தலைமுறையே பதிவேட்டுக்கு வெளியே நின்றுவிடும். இருபது வருடம் வார்டில் நின்றவருக்கு அனுபவச் சான்றும் மதிப்பீட்டு நேர்காணலும் போதும் என்ற ஒரு பத்தியை, பாடத்திட்டத்துக்கு அடுத்த பக்கத்திலேயே வையுங்கள். அதற்குச் சான்றாக இணைக்கத்தான் முதல் வார்டின் பன்னிரண்டு வாரக் குறிப்புகள் முதல் எல்லாப் பதிவுகளையும் தேதி வாரியாகப் பூட்டி வைத்திருக்க வேண்டும். இணைக்கும்போது நோயாளிகளின் பெயரும் அடையாளமும் நீக்கப்பட்டிருக்கட்டும்.